வளைவுக்குக் கொடுத்த வேகம்

அம்பத்தூர்

அன்புள்ள அப்பாவுக்கு, கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? தறிச் சத்தத்தில் காது மந்தமான உங்களுக்குப் போனில் பேசினால் கேட்காது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே நலம். முந்தாநாள் மட்டும் ஒரு சின்ன விஷயம். கம்பெனியில், இரும்புக் கட்டையில் குழி வெட்டும் கம்ப்யூட்டர் மிஷினுக்கு நான் எழுதிய புரோகிராமில், நேர்கோட்டுக்குக் கொடுத்த வேகத்தையே உள்வளைவுக்கும் கொடுத்துவிட்டேன். வளைவில் கட்டரின், அதாவது சுழன்று வெட்டும் கத்தியின், நடுப்பகுதி சின்ன வட்டம் போகும்போது, வெட்டுகிற விளிம்பு பெரிய வட்டம் ஓடியாக வேண்டும். மிஷின் அலறி, கட்டர் முறிந்தது. மிஷின் கதவு மூடியிருந்ததால் துண்டு வெளியே தெறிக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேட்டர் கஜபதி அண்ணன், "இன்னாம்மா, திரும்பும்போதும் அதே ஸ்பீடா? கொறச்சு உடு" என்றார். வளைவில் மட்டும் பாதியாக்கினேன். சத்தம் அடங்கிவிட்டது. நீங்கள் கேட்கப்போவது தெரியும்: ஆமாம், காதில் பிளக் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஹாஸ்டலில் குளிரெல்லாம் இல்லை. இருந்தாலும் உங்கள் பழைய போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள். கம்பெனி வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன். போர்வையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
வாணி