உன் வினாக்கொத்தில் இல்லாத வீடு

மருதமுனை.

அன்பு மகள் ஹிமாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒஸ்லோவில் அமர்ந்து நம் கைத்தறிப் பெண்களின் சொத்துரிமையை ஆராயும் அருமை மகளே! அப்பெண்களின் சார்பில் ஒரு முறைப்பாட்டோடு வருகிறேன்: உன் வினாக்கொத்து அவர்களின் வீடுகளைப் பறித்துவிட்டது. பதறாதே, இறையருளால் நாங்கள் நலம், உம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது, உன் தங்கை பஸ்மினாவுக்குக் கட்டும் வீட்டுக்குக் கூரையும் ஏறிவிட்டது, மாப்பிள்ளை குடிவருமுன் வண்ணம் பூசிவிடுவோம், உன் நலமும் அவ்வாறே நிறைந்திருக்க வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய இணைப்பை நெசவுப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பித்து, எல்லோரும் விடையளியுங்கள் என்று குரற்பதிவில் முழங்கியவன் நான். விடைகள் குவிகின்றன என்று நீ எழுதியபோது நெஞ்சை நிமிர்த்தினேன். நேற்று மாலை அடுத்த வீட்டு நிப்லா கைபேசியை நீட்டி, காக்கா, இதுக்கு என்னத்த அமத்துற என்று கேட்டாள். திருமணத்தின் பின் எங்கே வாழ்கிறீர்கள் என்பது வினா. கணவரின் வீடு, கணவரின் பெற்றோர் வீடு, வாடகை வீடு. இவற்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவருதான் என்ட ஊட்டுக்கு வந்து இரிக்கார், நான் எந்த ஊட்டுக்குப் போற என்று அவள் சிரித்தாள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றேன். நம்மட புள்ளைட படிப்பு நிண்டு போகக்கூடாதெண்டு எல்லாரும் முதலாவத அமத்தி உட்டாங்க என்றாள். உன்மேல் கொண்ட பாசத்தால் ஊரே உனக்குப் பொய்யுரைத்திருக்கிறது! நான் கொதித்தெழுந்தேன். உம்மாவோ, நீங்களும் என்ட ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளதான், சத்தம் போட்டா ஊடு உங்கடயாகிடுமா என்று என்னை அமரவைத்தாள்.

பிறநாட்டுக்கு ஆக்கிய வினாக்களை உன் பேராசிரியர் தந்தார், நீ பழுதறத் தமிழாக்கினாய். ஆயினும் ஊருக்கு அனுப்புமுன் ஓரிருவரிடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? இவ்விடைகளோடு ஆய்வு வெளிவந்தால், சீதன வீட்டின் உறுதிப் பத்திரத்தைத் தன் பெயரில் வைத்திருப்பவளை வீடற்றவள் என்றே உலகம் படிக்கும். நாளை அதைக் காட்டி ஒருவர் சட்டம் வரைந்தால் இப்பெண்கள் யாரிடம் முறையிடுவது?

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் பொழிவானாக. பனியில் காதை மூடிக்கொண்டு போகும்படி உம்மா நினைவூட்டச் சொன்னாள். இதைக் கண்டதும் இணைப்பை நிறுத்து. வந்த விடைகளை ஒதுக்கு. என் சொந்த வீடு என்ற விடையை முதலிடத்தில் சேர். திருத்தியதை முதலில் நிப்லாவுக்கு அனுப்பு, அவள் ஓம் என்ற பிறகே ஊருக்கு அனுப்பு. இன்றே செய், மகளே!

உன் வாப்பா,
அப்துல் ஸமட்