எதிரணிப் பக்கம் போய் நின்ற மகனுக்கு

கொரோகா, பப்புவா நியூ கினி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் ஏசாயாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நாங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று இந்த முறை என்னால் எழுத முடியவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், போனில் என்றால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

உன் தங்கை ரூத்தின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகை. காப்பிப் பழம் சிவந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பன்றி வேலியை முட்டிக்கொண்டு வந்து கிழங்கு மேட்டைக் கிளறிவிட்டது. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், நான் சொல்லவந்தது உன் போன ரக்பி ஆட்டத்தைப் பற்றி. கடைவாசல் டிவி முன்னால் ஊரே கூடியிருந்தது. நீ பந்தை அணைத்துக்கொண்டு ஓடினாய், மூன்று பேர் மறித்தார்கள், ஒருவன் தோள் உன் தாடையில் இடித்தது, விழுந்தாய், உடனே எழுந்தும்விட்டாய். எழுந்தவன் நேரே போய் எதிரணி ஆட்களோடு வரிசையில் நின்றாய். அவர்களில் ஒருவன்தான் உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். "பாருடா, நம்ம ஏசாயா கட்சி மாறிட்டான்" என்று இங்கே யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். உன்னை வெளியே அழைத்துப்போன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. மறுநாள் போனில் நீ என்ன சொன்னாய், "தலைவலி விடலம்மா, ஆனா டாக்டர் கேட்டா இல்லன்னுதான் சொல்றேன், உள்ளதச் சொன்னா உக்கார வெச்சிடுவாங்க, ஒப்பந்தம் எழுதற நேரம்" என்றாய். சொல்லிவிட்டு, ரூத் குழந்தைக்கு என்ன பேர் வெச்சீங்க என்று கேட்டாய். அந்தப் பெயரை வைத்ததே நீதானே ஏசாயா.

கெமோ மாமாவிடம் சொன்னேன். என் அண்ணனும் ஒரு காலத்தில் இந்த ஊருக்கு முன்வரிசையில் ஆடியவர்தானே, புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். "முன்வரிசையில நிக்கிறவன் முட்டாம என்ன பண்ணுவான், நீ போன் போட்டு அழுது அவன பயந்தாங்கொள்ளி ஆக்கிடாத" என்றார். உன் ஒப்பந்தத்துக்காக விருந்துப் பன்றியையும் நம் முற்றத்தில் கட்டிவைத்துவிட்டார். விருந்து பேச எல்லோரும் கூடியபோது நான் எழுந்து நின்று, "நீங்க சிரிச்சீங்க, என் பையனுக்கு அவன் வெச்ச பேரே ஞாபகம் இல்ல, இனிமே யாரும் அவனக் கூப்பிட்டு அடுத்த ஆட்டம் எப்பன்னு கேக்காதீங்க" என்றேன். அவன் உக்காந்துட்டா ஊர் பேரு என்னாகும் என்றார் மாமா. "ஊர் பேரு போய் முட்டலண்ணா, அவன் தலைதான் முட்டுது" என்றேன்.

மறுநாள் காலை மாமா தனியாக வந்து அடுப்பு ஓரம் உட்கார்ந்தார். "எனக்குச் சில நாள் தோட்டத்துல இருந்து வீட்டுக்கு வழி தெரியறதில்ல, உன் அண்ணி வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா, யார்கிட்டயும் சொல்லல, அவன உண்மையச் சொல்லச் சொல்லு" என்றார். உன்னிடம் நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம், என்னையே எழுதச் சொன்னார். போகும்போது பன்றியை அவிழ்த்துவிட்டார்.

ஆகையால் டாக்டர் கேட்டால் வலிக்கிறது என்று சொல். ஒப்பந்தம் போனால் போகட்டும். அந்த அயல்நாட்டுக் குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, நன்றாகத் தூங்கு, கூட்டாளிகள் கூப்பிட்டாலும் குடிக்கப் போகாதே. உன்னை என் வயிற்றில் காத்தவர் அங்கேயும் காப்பார். நீ ஊருக்கு வரும் நாளில் விமான நிலையத்துக்கு நான் வருவேன், ஆனால் கையசைத்துக் கூப்பிட மாட்டேன். கூட்டத்தில் நீயாக என் முகத்தைக் கண்டுபிடித்து வரவேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மிரியாம்