ஏழாம் கூண்டின் ஐந்து எலிகள்

அனுப்புநர்:
விலங்குக்கூடப் பராமரிப்பாளர் (பணி எண் 31),
கட்டி ஆய்வுப் பிரிவு, அடித்தளம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு, இரண்டாம் தளம்.

பொருள்: ரத்த அணு உற்பத்தியைக் காக்கும் மருந்தின் சோதனையை மூடுவதையும், ஏழாம் கூண்டு எலிகளைத் திங்கட்கிழமை கொல்வதையும் நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

1. பதினோரு வருடங்களாக இங்கே எலிக்கூண்டுகளைப் பராமரித்து வருகிறேன். நடக்கும் சோதனை தாங்கள் அறிந்ததே. எலிகளுக்குக் கட்டியை வளர்த்து, எல்லாவற்றுக்கும் புற்றுநோய் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி கட்டியோடு சேர்த்து ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் பதம் பார்த்துவிடுவதால், ரத்த அணுக்கள் குறையாமலிருக்கப் பாதி எலிகளுக்குப் புது மருந்தும் தருகிறார்கள். அந்தப் பாதிக்குத்தான் ரத்த அணுக்கள் அதிகம் குறைந்தன, ஆகவே மருந்து பலிக்கவில்லை என்று அறிக்கை தயாராகிவிட்டது. குறைந்தது உண்மை, ஆனால் அதற்கு மருந்தைக் குற்றம் சொல்வது தவறு என்று பணிவுடன், ஆனால் உறுதியாகத் தெரிவிக்கிறேன்.

2. வியாழன்தோறும் ரத்தப் பிரிவினர் அணுக்களை எண்ணுவதற்காக எல்லா எலிகளிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். செவ்வாய்தோறும் மருந்தளவுப் பிரிவினர், உடம்பில் மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க, புது மருந்து பெற்ற எலிகளிடம் மட்டும் எடுக்கிறார்கள். இரு பிரிவும் அவரவர் நோட்டில் அனுமதித்த அளவைத்தான் எழுதியிருக்கின்றன. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இருபது கிராம் எலிக்கு மொத்த ரத்தமே ஒன்றரை மில்லி. வாரம் இருமுறை எடுத்தால் எந்த மருந்து ஈடுகட்டும்? கூண்டு மாற்றும்போது அவற்றின் காதும் பாதமும் வெளுத்துக் கிடந்ததை நானே பார்த்தேன்.

3. ஏழாம் கூண்டும் புது மருந்து பெற்றதுதான். ஆனால் செவ்வாய் காலையில் அது கழுவும் அறையில் இருக்கும். மருந்தளவுப் பிரிவினர் ஒருநாளும் அங்கே வந்து தேடியதில்லை. அந்த ஐந்து எலிகளின் அணுக்கள் குறையவே இல்லை. அறிக்கையில் அவற்றை 'விதிவிலக்கு' என்று ஒரே கோடாக அடித்துவிட்டார்கள்.

4. தலைமை ஆய்வாளரிடம் நேரில் சொன்னேன். "நீங்க கூண்டைப் பாருங்க, கணக்கை நாங்க பாத்துக்கறோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன், மேற்பார்வையாளர் வழியாக வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் பதவி இரண்டு வருடமாகக் காலி. காலி நாற்காலியிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று கேட்டேன். அதற்கும் எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எனக்கு அலுத்துவிட்டது, அம்மா.

5. பின்னால் வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கும் இதே புற்றுநோய் ஊசிதான் போடுகிறார்கள். ரத்த அணுக்கள் ஏறவில்லை என்று மூன்றாவது ஊசியை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். "இன்னும் ஏறலையாம்க்கா" என்று அவள் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்க முடியவில்லை. இந்த மருந்து அவளுக்கு இப்போது கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். உண்மையிலேயே பலிக்காத மருந்தென்றால் தூக்கிப் போடட்டும். எங்கள் கவனக்குறைவால் ஒரு நல்ல மருந்து செத்துப்போகக் கூடாது.

6. ஆகவே, மூடல் உத்தரவில் தாங்கள் கையெழுத்திட வேண்டாம். ஏழாம் கூண்டு எலிகளின் கட்டிகள் இன்னும் அனுமதித்த அளவைத் தொடவில்லை. பத்து நாள் தாங்கும். கூண்டு அட்டைகளில் இரு பிரிவும் ரத்தம் எடுத்த குறிகள் தேதியோடு இருக்கின்றன, நகல் இணைத்துள்ளேன். மற்ற எலிகளுக்கும் ரத்தம் எடுக்காமல் பத்து நாள் ஓய்வு கொடுத்து, பிறகு ஒரு முறை எண்ணிப் பார்க்க உத்தரவிடுங்கள். அதற்கு ஒரு சொட்டு போதும். அந்த ஒரு சொட்டையாவது ஒருவர் மட்டும் எடுக்கட்டும்.

இடம்: அடித்தளம், கழுவும் அறை
நாள்: மார்ச் 14, வெள்ளி

இப்படிக்கு,
(ஒப்பம்)
விலங்குக்கூடப் பராமரிப்பாளர்

இணைப்பு: கூண்டு அட்டை நகல்கள் – 12