ஹோலில் நாறும் உங்கள் கடல்

என் அன்பு மனிசருக்கு, மண்ணுக்குள்ளும் உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும்.

நீங்கள் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதத்தில் அழுகை இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, அருவருப்புதான் இருக்கிறது. உங்கள் மீன் தொட்டியின் ஊத்தைத் தண்ணீரில் ஒரு வாய் என் தொண்டைக்குள் போய்விட்டது. ச்சீ! எழுதும்போதே குமட்டுகிறது.

கடலே இல்லாத கண்டியில், வீட்டு முன் ஹோலில் கடல் மீன் வளர்க்க யாருக்காவது தோன்றுமா? உங்களுக்குத் தோன்றியது. நீர்கொழும்பிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர். என் ஃபிரிட்ஜில் இறைச்சிக்குப் பக்கத்தில் மீன் தின்ன இறால். இத்தனை வருசமும் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் குடும்பம் நடத்தினேன்.

பழைய தொட்டியின் மூலை ஒழுகுகிறதென்று புதியதொன்றை வாங்கி வைத்தீர்கள். மீன்களை மாற்றுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். போன கிழமை ஒழுகல் கூடிவிட்டது. உங்கள் தம்பி ஃபர்ஹான் தொட்டியை மாற்ற இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். நானோ உங்களுக்காக இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதமும் பத்து நாளும் அன்னிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அறை வாசலில் சீலைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

உங்களைக் கொண்டுபோனதை ஜன்னலில் நின்று பார்த்தவள் நான். அந்த இரண்டு வரி போட்ட செம்மஞ்சள் மீன்களும் உங்கள் கையிலிருந்து தின்றவை. இந்த வீட்டிலிருந்து இன்னொரு உயிர் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது முற்றத்தில் பிரஷ் தேய்க்கும் சத்தம். கூடவே பைப் தண்ணீரின் குளோரின் வாடை.

"என்ன கழுவுற, ஃபர்ஹான்?"

"தொட்டிக் கல்லத்தான், மதினி. ஒரே பாசி. தேச்சி வெள்ளயா ஆக்கிட்டேன். நாப்பதாம் கத்தத்துக்கு ஆக்கள் வருவாங்கதானே, பாக்க அழகா ஈக்கணும்."

உங்களுக்காகக் குர்ஆன் கத்தம் ஓத வருகிறவர்கள் பார்க்க! அந்தப் பாசிக் கல்லிலும் வடிகட்டி ஸ்பொஞ்சிலும்தான் தண்ணீரைச் சுத்தமாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, பைப் தண்ணீர் பட்டு அவை செத்தால் மீனின் கழிவே மீனுக்கு நஞ்சாகும் என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லி என் சோற்றைக் கெடுத்தீர்கள்!

"மிச்சக் கல்லக் கழுவ வாணாம்! ஸ்பொஞ்சத் தொட வாணாம்!" என்று கத்தினேன்.

மாமி, உங்கள் உம்மா, ஓடி வந்தார். "இத்தாவுல ஈக்கிற பொம்புள இப்பிடிச் சத்தம் போடுறதா? அவனுக்குத் தெரியும், நீங்க உள்ளுக்குப் போங்க."

அவனுக்கு என்ன தெரியும்? குசினியில் ஒரு பீங்கான் கழுவியிருப்பானா? மீன்கள் வாளியில் மேலே வந்து வாயைப் பிளப்பதாக என் தங்கச்சி ரிஸ்னா வந்து சொன்னாள். ஆத்திரத்தோடு எனக்குப் புத்தியும் வந்தது.

"மாமி, நான் ஹோலுக்கு வாரேன். ஆம்புளயள வெளிய போகச் சொல்லுங்க."

என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்திய வழக்கமே அவர்களை ரோட்டுக்கு அனுப்பியது. ஃபர்ஹான் கையில் பிரஷ்ஷோடு மடவளைக்குப் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

கதவைச் சாத்திவிட்டு நானும் ரிஸ்னாவும் இறங்கினோம். பழைய தண்ணீரும் புதியதற்குப் போக வேண்டுமே. நீங்கள் செய்வதுபோல் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். கொழகொழவென்று வந்தது. தண்ணீர் இறங்கியபின் வெளியே கொட்ட மணலை அள்ளினால் அடியில் தாரைப் போலக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ரிஸ்னா ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். சளியைப் போல வழுக்கிய ஸ்பொஞ்சைப் பிழியாமல், கழுவாமல், புதுத் தொட்டியில் வைத்தேன். தப்பிய பாசிக் கற்களையும் வைத்து, நீங்கள் விட்டுப்போன கேன்களின் கடல் தண்ணீரையும் ஊற்றி, மீன்களை விட்டோம்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. இப்போது தின்கின்றன. "புதுத் தொட்டிக்கு ஊத்தக் கல்லா?" என்று மாமி முகம் சுளித்தார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

அன்று சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் தேய்த்தேன். கை நாற்றம் போகவில்லை. பகல் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, அது உங்கள் கையின் வாடை. "தள்ளி உக்காருங்க" என்று நான் விரட்டிய வாடை. வந்தவர்கள் எல்லாரும் ஸபூர் செய்யச் சொன்னார்கள், பொறுமையாக இருந்தேன். அந்தச் சோற்றின் முன்னால் முடியவில்லை. மனசு உங்களை அவ்வளவு தேடியது. ச்சீ என்று எடுத்த கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன்.

இத்தா முடிந்ததும் கேன்களை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக்கு நானே போவேன். ஸ்பொஞ்சில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். அருவருப்புப் போகும் என்று மட்டும் வாக்குத் தர முடியாது. போகவும் வேண்டாம்.

மூக்கைச் சுளித்தபடியே,
உங்கள் பெண்டாட்டி ஸரீனா