ஒன்றரைக் கிலோ

ப்ளோவ்திவ்,
அக்டோபர் 14, 2018

என் செல்ல ரூஷா,

உன் கை முறிந்த சேதி பக்கத்துக் கடை யோர்தாங்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சந்தையில் குடைமிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னடி, உன் கூட்டாளிக்கு மணிக்கட்டு போச்சாமே, உனக்கே தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். என் மானமே போயிற்று. ஜன்னல் இறுகிக்கொண்டது, தள்ளினாய், முறிந்துவிட்டது என்கிறாள். ஜன்னலைத் தள்ளி யாருக்காவது கை முறியுமாடி?

இங்கே கடை வழக்கம்போல ஓடுகிறது. மாவை மடித்து, பாலாடைக்கட்டி வைத்து, விடிவதற்குள் ஐந்து தட்டு பனிட்சா சுட்டு அடுக்கிவிடுகிறேன். அசென் என்னை விதவையாக்கிப் போனபின் பேச்சுத்துணைக்கு அடுப்புதான். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போட பீப்பாயைக் கழுவி வைத்திருக்கிறேன்.

மாவு நிறுக்கும்போதெல்லாம் நம் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி முகாமின் காலைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஜட்டியோடு வரிசையில் நிற்போமே! எடை இயந்திரத்தில் ஏறுமுன் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றிவிடுவாய். நகம் வெட்டினால் எடை குறையும் என்று சொல்லி எங்கள் எல்லார் நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டவளும் நீதான். "இருநூறு கிராம் ஏறிட்டே, தண்ணி குடிச்சியா?" என்று நம் பயிற்சியாளர் தோழர் ஸ்டானேவா கத்துவாள். தண்ணீர் குடித்ததற்குத் திட்டு வாங்கினவர்கள் உலகத்தில் நாம்தான். சுருட்டி வைத்த பயிற்சிப் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆறு பேரும் ஒரே தக்காளியைப் பங்கு போட்டுத் தின்றோமே, அந்த ருசி பிறகு எனக்கு எந்தத் தக்காளியிலும் கிடைக்கவில்லை.

மாதவிலக்கு வராதவள்தான் அசல் ஆட்டக்காரி என்று நம்பினோம், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருபது வயதுவரை வரவே இல்லை, அதில் உனக்கு ஏகப் பெருமை. எனக்கு வந்துவிட்டபோது நான் துணியை ஒளித்துத் துவைக்க நீ வாசலில் காவல் நின்றாய். நல்ல பைத்தியங்கள்.

டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது.

முத்தங்களுடன்,
உன் வெசெலா


வர்னா,
நவம்பர் 5, 2018

அன்புள்ள வெசெலா,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கியதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்.

எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு எழுபத்தைந்து வயதுக்காரியின் எலும்பாம். அந்த டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, மாத்திரை தர்றேன். ஆனா ஒரு ஆறு கிலோவாவது ஏத்துங்க. உடம்புல கொஞ்சம் கொழுப்பு இருந்தாத்தான் எலும்பு தாங்கும்" என்றார். "அந்த வார்த்தைய இன்னொரு தடவை என் காதுபட சொல்லாதீங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு இப்போதும் நாற்பத்தாறு கிலோதான். பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பெண் என்கிறார்கள். கடற்கரைப் பூங்காவில் என் உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் பெண்கள் என் இடுப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள், தெரியுமா? புருஷன் தங்கவில்லை, பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு மிஞ்சியது இந்த உடம்பு ஒன்றுதான். அதையும் மாவு பிசைந்ததுபோல் ஆக்கவேண்டுமாம்.

நீயும் அப்படித்தான் சொல்வாய். ஒன்றரைக் கிலோ கூடிப்போனதற்காக முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நீ. எல்லாரும் உன்னைப்போல் ஆகவேண்டும் என்று உனக்கு இருக்காதா?

குளிர் ஏறிவிட்டது. கடலில் அலை பெரிது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூஷா


ப்ளோவ்திவ்,
டிசம்பர் 9, 2018

ரூஷா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். மனம் வரவில்லை. வலித்தது, சொல்லிவிடுகிறேன்.

என்னை அழைத்துப் போக என் அம்மா வந்து முகாம் வாசலில் நின்ற நாளை நீ சும்மா இழுத்துவிட்டாய். மாடி ஜன்னலில் நீங்கள் ஐந்து பேரும் நின்று பார்த்தீர்கள். நான் அழுதுகொண்டே அம்மா கொண்டுவந்த பனிட்சாவை அங்கேயே நின்று தின்றேன். அந்த ஐந்து முகங்களை முப்பத்தாறு வருடமாக நெஞ்சில் சுமக்கிறேன். உங்கள் கழுத்தில் தங்கப் பதக்கம் தொங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எழுந்து கோழிக்கூடு கழுவப் போய்விட்டேன்.

உன்மேல் இருந்த கோபத்தில் நானும் போய் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டேன். 'பார்த்தாயா, குண்டச்சிக்கு இரும்பு எலும்பு' என்று உனக்கு எழுத ஆசை. டாக்டர் சின்னப் பெண். இடுப்பெலும்பு நன்றாக இருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். உடனே என் வயிற்றை ஒரு விரலால் குத்தினாள். "சிரிக்காதீங்க. இங்க சேர்ந்திருக்கே, இது எலும்புக்கு ஒத்தாசை பண்றது இல்ல, அரிக்கிறது. நடங்க. பனிட்சாவ வித்தா போதும், திங்க வேணாம்." எனக்கு அது தேவைதான்.

பிறகு நம் கதையைச் சொன்னேன், உன் கதையையும். அவள் பேனாவை வைத்துவிட்டாள். "பதிமூணு வயசுலேர்ந்து இருபது வரைக்கும்தான் எலும்பு நல்லா சேரும். அப்ப உடம்புல கொழுப்பே இல்லன்னா மாதவிலக்கு நிக்கும், எலும்பும் சேராது. உங்களை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அதான் உங்களைக் காப்பாத்துச்சு" என்றாள். நடைக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக இல்லையடி. எங்கிருந்து தப்பித்தேனோ அங்கே உன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அசெனைப் புதைத்துவிட்டேன். உன்னையும் புதைக்க என்னால் முடியாது. சாப்பிடு. நிறையச் சாப்பிடச் சொல்லவில்லை. சாப்பிடு என்றுதான் சொல்கிறேன்.

வெசெலா


ப்ளோவ்திவ்,
பிப்ரவரி 20, 2019

ரூஷா,

புத்தாண்டு வாழ்த்துக்கும் பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கோபமா, உடம்பு சரியில்லையா? கோபம் என்றால் திட்டியாவது எழுது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, பூப்பெயர்க்காரிகளைக் கொண்டாடும் நாள், உன் பெயர் நாள். பெயர் நாளுக்கு யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. நான் வந்து நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

வெ.


வர்னா, மருத்துவமனை
ஏப்ரல் 11, 2019

என் வெசெலா,

கோபம் இல்லை. வெட்கம். உன் டிசம்பர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன்.

போன மாதம் தும்மினேன். வெறும் தும்மல். முதுகில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது. நிமிர முடியவில்லை. உலகமே கைதட்டிப் பார்த்த முதுகு இது, இப்போது கழிப்பறைக்குப் போக நர்ஸ் பிடித்துக்கொள்கிறாள்.

அந்த ஜன்னல் விஷயத்தை நீ தப்பாகவே நினைத்திருக்கிறாய். நாங்கள் ஐந்து பேரும் அழுதோம். உனக்காக அழுததாக நான் பொய் சொல்லமாட்டேன். நீ சாப்பிட்டாய், யாரும் உன்னை எதுவும் சொல்லவில்லை, உன் அம்மா உன் வாயைத் துடைத்துவிட்டாள். பொறாமை தாங்காமல் அழுதோமடி! அன்று மாலை ஒருத்தியும் ஒழுங்காகப் பந்து பிடிக்கவில்லை. பிறகு தங்கம் வாங்கினோமே, மேடையில் கீதம் ஒலிக்கிறது, கொடி ஏறுகிறது, நான் முழு நேரமும் ரொட்டியை நினைத்துக்கொண்டு நின்றேன். நாட்டுப்பற்றில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த நாட்கள் அழகாகவும் இருந்தன, அதையும் சொல்லவேண்டும். ஆறு வளையமும் ஒன்றாக மேலே போய் ஒன்றாக இறங்கும்போது வந்த சந்தோஷம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் அந்த உடம்பைக் கைவிட எனக்கு மனமில்லை. விட்டால் அந்தப் பெண்ணும் போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் எப்போதோ போய்விட்டாள், பட்டினி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

டாக்டர் சாப்பிடச் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். கரண்டி வாய்வரை வரும். அங்கே தோழர் ஸ்டானேவா நின்றுகொண்டிருப்பாள். செத்து இருபது வருடம் ஆயிற்று, இன்னும் நகரமாட்டேன் என்கிறாள். தட்டு அப்படியே திரும்பிப் போகும்.

இன்று காலை பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவள் மகள் பீன்ஸ் சூப் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தாள். என் வயிற்றில் ஏதோ முறுக்கியது, வாயில் எச்சில் ஊறியது. இதுவும் ஒரு வியாதி என்று பயந்து மணியை அடித்தேன். நர்ஸ் ஓடிவந்து நாடி பார்த்தாள், வயிற்றில் கை வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. பசிக்குது, அவ்ளோதான்."

வெசெலா, எனக்குப் பசிக்கிறது. பெயர் நாள்வரை காத்திருக்காதே, முன்னாலேயே வா.

உன்
ரூஷா