புகை அடங்கிய பிறகு

அக்கா,

இன்று மத்தியானம் எங்கள் குசினிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையின் மணம் சட்டென்று நின்றுவிட்டது. சாமியறையில் பூக்கட்டிக்கொண்டிருந்த நான் நாரைக் கீழே போட்டேன். வெளியே அடைமழை. மீன் புகைபோடும் பீப்பாவை நான் தாழ்வாரத்தில்தான் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த வேலை நீங்கள் காட்டித்தந்தது. மலைநாட்டுப் பங்களாக் குசினியில் ட்ரவுட் மீனைப் புகைபோட்டுப் பழகிய கை உங்களுடையது. விசுவமடுவுக்கு வந்தபிறகு குளத்து விராலில் அதையே செய்தீர்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் சீனியும் போட்டு ஊறவைத்து, காற்றில் உலர்த்தி, தோல் விரலில் ஒட்டும் பதம் வந்தபிறகே புகை. நான் உப்பைத் தராசில் நிறுப்பதைக் கண்டால், “நகைக்கடை வைக்கப் போறியா தங்கச்சி?” என்று சிரிப்பீர்கள்.

அந்த வியாழக்கிழமையும் மழை விடவில்லை. சனிக்கிழமை உங்கள் மகள் வவுனியாவிலிருந்து வருவதாக இருந்தாள். வெள்ளியில் நாம் இருவருமே மச்ச மாமிசம் தொடமாட்டோம். அதனால் அன்றைக்கே முடித்தாகவேண்டும். பீப்பாவை உள்ளே வைத்து, சாரலுக்குக் கதவு யன்னல் எல்லாம் சாத்தியிருந்தீர்கள். அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் கூப்பிட்டேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தீர்கள்.

“என்னக்கா, உள்ளுக்கையே புகை போடுறியள்?”

“வேற என்ன செய்ய? உப்புல ஊறின மீனு, விட்டா கூழாப் போயிரும்.”

“கண் எரியேல்லையோ?”

“காலையில எரிஞ்சிச்சு. இப்பப் புகை அடங்கி வெறும் கங்குதான். தலைதான் வலிக்குது. ஒன் யாழ்ப்பாணப் பேச்சக் கேட்டா யாருக்குத்தான் வலிக்காது?”

உங்கள் காலடியில் கோழி ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. குளிர் என்றீர்கள். நானும் குளிர் என்றே நினைத்தேன். கண்ணை எரிக்கிற புகைதான் கெடுதல் என்று நாம் இரண்டு பேரும் நம்பினோம். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

வெள்ளி காலை அயலவர்கள் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். பீப்பாவுக்குள் மீன் நல்ல பொன்னிறம். நீங்கள் சுவரில் சாய்ந்தபடியே மூச்சடங்கியிருந்தீர்கள். முகம் சிவந்து, குளித்து வந்தவர்போல இருந்தது. கங்கிலிருந்து வரும் நஞ்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை என்று பிறகு டொக்டர் சொன்னார். அந்த வாசலில் நின்ற எனக்கும் புகை மணக்கவே இல்லை, அக்கா.

இன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பீப்பா குசினிக்குள் இருந்தது. மருமகள் யன்னல் கொக்கியில் கை வைத்திருந்தாள். பக்கத்து அறையில் பேரன் நித்திரை.

“புகை நிண்டிட்டுது மாமி. சாரல் அடிக்குது, பூட்டட்டோ?”

ஈரச்சாக்கால் பீப்பாவைப் பிடித்து இழுத்து முற்றத்து மழைக்குள் தள்ளினேன். கங்கு சீறி அணைந்தது. மீன் முழுக்கச் சேற்றில்.

“என்ன மாமி, விசரே உங்களுக்கு?”

பேரனின் மூக்கடியில் விரலை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. அம்மாளாச்சி தாயே என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு மருமகளைப் பக்கத்தில் இருத்தி உங்களைப் பற்றிச் சொன்னேன்.

இதை எழுதும்போதும் எங்கள் கதவுகள் எல்லாம் திறந்துதான் கிடக்கின்றன. சாரலில் பாய் நனைகிறது. புகை மணக்கிற வீட்டில் எனக்குப் பயமில்லை. மணம் நிற்கிற நேரம்தான் உங்கள் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது.