அண்டா இல்லாத பொன்விழா

22.8.2004, ஞாயிறு, பிள்ளைப்பாக்கம்.

ஐம்பது வருடமாக ஊர் விசேஷங்களுக்கு எங்கள் சங்கம் பாத்திரங்களை இலவசமாகக் கொடுக்கிறது. நோட்டில் முதலில் பெயர் எழுதியவருக்குத்தான். இன்று சங்கத்தின் பொன்விழா. சமைக்கலாம் என்று காலையில் பாத்திர அறையைத் திறந்தால் கரண்டிகள் மட்டும் தொங்கின. அண்டாக்களையெல்லாம் முனுசாமி மகள் கல்யாணத்துக்கு நானே கொடுத்திருக்கிறேன். நோட்டில் எங்கள் விழாவை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தலைவர் முறைத்தார். "இன்னா செக்ரட்டரி, கரண்டிலயா சோறாக்கப் போற?"

கல்யாண வீட்டில் போய் நின்றேன். முனுசாமி சிரித்தார். "அண்டா எதுக்குண்ணா? எல்லாரையும் இங்கயே இட்டுனு வா. நம்மூர்ல ரூம் எடுத்துத் தங்கிக்கீற கம்பெனிப் பசங்களையும் உட்டுடாத. சோறு நெறைய கீது."

அந்தப் பந்தலிலேயே பொன்விழா நடந்தது. தலைவர் பேசி முடிக்கும்வரை மணமக்கள் மாலையோடு பொறுமையாக நின்றார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நூறாவது ஆண்டு விழாவுக்கு இப்போதே நோட்டில் பெயர் எழுதிவிட்டேன்.